டிரானெக்சா மீது ஒரு பொய் வழக்கு

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள்தான் உடம்பில் ரத்தம் நிற்காமல் போவதற்குக் காரணம் என்று ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வாட்ஸ்அப் வைத்தியமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். எழுதியவர் மருத்துவம் அறிந்தவர். ஆய்வுகளைத் தேடிப் படிப்பவர். அவர் பேச்சைக் கேட்டு நடப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. அதனால்தான் இந்தப் பதில்.

அவருடைய வாதம் பார்வைக்கு அழகானது. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் டிரானெக்சாமிக் அமிலம், ஆஸ்பத்திரிப் பேச்சில் டிரானெக்சா, மூளையிலுள்ள காபா ஏற்பிகளை அடைக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மூளையில் காபாவைக் கூட்டுகிறது. அதைச் சாப்பிடுகிற சிலருக்கு அடிபட்டால் ரத்தம் சுலபத்தில் நிற்பதில்லை. காபாவை அடக்கினால் ரத்தம் நிற்கிறது, கூட்டினால் ஒழுகுகிறது. ஆகவே ரத்தப்போக்குக்குக் குற்றவாளி காபா. ஆகவே டிரானெக்சா ரத்தத்தில் வேலை செய்யும் மருந்தே அல்ல. மூளையில் கை வைத்து ரத்தத்தை நிறுத்தும் நரம்பு நஞ்சு. ஆகவே கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரியில் சேரும்போதே அந்த ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று 'ஆகவே'. முதல் 'ஆகவே'க்கு முன்னால் அவர் எடுத்துக்காட்டும் மருந்துத் தகவல்கள் உண்மை. டிரானெக்சா காபா ஏற்பியை அடைக்கக்கூடியது என்பதை 2002லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ரத்தம் நிற்க உதவும் தட்டணுக்களை வால்ப்ரோயேட் குறைப்பதும் தெரிந்த விஷயம். அதற்குப் பிறகு அவர் எட்டும் முடிவுகளில் ஒன்றுகூடத் தேறாது.

முதலில் டிரானெக்சா எங்கே வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற இழைகள் பின்னி வலையாகின்றன. காயம் ஆறும்வரை அந்த வலை தாங்க வேண்டும், ஆறியதும் கரைய வேண்டும். கரைப்பது பிளாஸ்மினின் வேலை. அது பிளாஸ்மினோஜன் என்ற சாதுவான வடிவத்தில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபைப்ரினில் நீட்டிக்கொண்டிருக்கும் லைசின் முனைகளைப் பற்றிக்கொண்டு அங்கே உட்கார்ந்த பிறகுதான் அது சுறுசுறுப்பாக பிளாஸ்மினாக மாறி வலையை அறுக்கத் தொடங்கும். டிரானெக்சா லைசினின் சாயல் கொண்டது. லைசினைப் பிடிக்க பிளாஸ்மினோஜன் வைத்திருக்கும் இடத்தில் இது போய் அமர்ந்துகொள்கிறது. பிளாஸ்மினோஜனுக்கு ஃபைப்ரின் மேல் பிடிப்பு கிடைப்பதில்லை. வலை அறுபடாமல் நிற்கிறது. பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போகும்போதும், பெரிய விபத்துக் காயத்திலும், உடல் இந்தக் கரைக்கும் வேலையை அளவுக்கு மீறி முடுக்கிவிடுவதுண்டு. அந்த நேரத்தில்தான் இந்த மருந்து கைகொடுக்கிறது. புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை, உறைந்ததைக் காப்பாற்றுகிறது.

இதில் மூளைக்கு எந்த வேலையும் இல்லை. நம்பாதவர்கள் சோதனைக் குழாயைப் பார்க்கலாம். மனித பிளாஸ்மாவைக் குழாயில் உறைய வைத்து, உறைவைக் கரைக்கும் பொருளைச் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். டிரானெக்சாவும் சேர்த்தால் கரைவது தள்ளிப்போகும். அந்தக் குழாயில் நரம்பு செல் ஒன்றுகூடக் கிடையாது. ரத்த ஒழுக்கு நோய் உள்ளவர்களுக்கும், ரத்த உறைவைக் குறைக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் பல் பிடுங்கிய பிறகு டிரானெக்சா கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொல்வதும் உண்டு. வாயில் வைத்திருந்து துப்பிவிடுகிறார்கள். ரத்தத்தில் சேர்வது சொற்பம், மூளைக்குப் போவது அதைவிடச் சொற்பம். ஈறில் ரத்தம் நிற்கிறது. துப்பிய மருந்து எந்த வழியாக மூளைக்குப் போய் காபாவை அடக்கியது என்று கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்ளலாம்.

இந்த மருந்து எப்படிப் பிறந்தது என்று தேடியிருந்தாலே அவருக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய டோக்கியோவில், கெய்யோ பல்கலைக்கழகத்தில், உடாக்கோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுக்கேயும் தேடியது பிளாஸ்மினை அடக்கும் ஒரு பொருளை. ஆய்வுக்குப் பணமில்லை, வசதியில்லை. ரத்தத்தை ஆராய்ச்சிப் பொருளாக அவர்கள் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், வேண்டும்போது தங்கள் கையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது. லைசினில் தொடங்கினார்கள். அதன் சாயலுள்ள எப்சிலான் அமினோகாப்ராயிக் அமிலத்துக்கு வந்தார்கள். அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள டிரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றி 1962ல் எழுதினார்கள். பிரசவ ரத்தப்போக்கில் இதைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று உடாக்கோ கோபேயில் மகப்பேறு மருத்துவர்களைக் கேட்டபோது யாரும் அக்கறை காட்டவில்லை. அந்தப் பரிசோதனை உலக அளவில் நடந்து முடிவு வெளியானது 2017 ஏப்ரலில். அதற்கு ஒரு வருடம் முன்பு, 98 வயதில் அவர் இறந்திருந்தார். தாய்மார்களுக்காக அரை நூற்றாண்டு தாமதமாக வந்து சேர்ந்த மருந்து இது. நம் கட்டுரையாளர் அதை இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தப் பார்க்கிறார்.

அப்படியானால் காபா எங்கிருந்து வந்தது? காபாவும் சின்ன மூலக்கூறுதான். நான்கு கார்பன் சங்கிலி, ஒரு முனையில் அமீன், மறுமுனையில் அமிலம். டிரானெக்சாவுக்கும் ஒரு முனையில் அமீன், மறுமுனையில் அமிலம். இந்த ஒற்றுமையால் போதுமான அளவு டிரானெக்சா மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் காபா உட்கார வேண்டிய இடத்தில் அது உட்காரும், கிளைசின் என்ற இன்னொரு அடக்கும் வகை நரம்புக்கடத்தியின் இடத்திலும் உட்காரும். டொராண்டோவில் பெவர்லி ஆர்சரின் குழு 2012ல் வெளியிட்ட ஆய்வு, வலிப்புக்கு முக்கியமான காரணம் கிளைசின் ஏற்பிகளாக இருக்கலாம் என்று சொல்கிறது. காபாவையே கதாநாயகனாக்கிய கட்டுரையில் கிளைசின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

'போதுமான அளவு' என்றேன். அது எவ்வளவு? உறைவைக் காக்க ரத்தத்தில் லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம் டிரானெக்சா இருந்தால் போதும். ஆய்வகத்தில் காபா ஏற்பிகளையும் கிளைசின் ஏற்பிகளையும் பாதியளவு அடைக்க லிட்டருக்கு நூற்றைம்பது மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்பட்டிருக்கிறது. அதிலும் மூளைத்தண்டுவட நீருக்குள் நுழைவது ரத்தத்தில் இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். பிரசவ அறையில் கொடுப்பது 1 கிராம், 10 நிமிடத்தில், ரத்தக்குழாய் வழியாக. ரத்தம் நிற்காவிட்டால் அரை மணி நேரம் கழித்து இன்னொரு 1 கிராம். இருதய அறுவை சிகிச்சைகளில் எடைக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை கொடுத்த காலம் உண்டு. 60 கிலோ ஆளுக்கு அது 6 கிராம். வலிப்பு கவலைக்குரிய அளவில் தெரிந்தது அங்கேதான். 2017ல் வெளியான பெரிய இருதய அறுவை ஆய்வில் டிரானெக்சா பெற்றவர்களில் 0.7 சதவீதம் பேருக்கு வலிப்பு வந்தது, பெறாதவர்களில் 0.1 சதவீதம். அந்த ஆய்வை நடத்தியவர்களே இடையில் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். கட்டுரையாளர் அந்த 0.7ஐ எடுத்து பிரசவ வார்டில் கொண்டுபோய் வைக்கிறார். முன்னே சொன்ன உலக அளவிலான பிரசவ ஆய்வில் வலிப்பு இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாகவே இருந்தது என்ற தகவல் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் மேற்கோள் காட்டும் ஆய்வுக் கட்டுரையிலேயே அது இருக்கிறது.

இனி வால்ப்ரோயேட். ஒரு மருந்து இரண்டு காரியம் செய்தால் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று சொல்வது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வால்ப்ரோயேட் காபாவை மட்டும் தொடுவதில்லை. அளவு கூடக்கூடத் தட்டணு எண்ணிக்கை குறைகிறது; ரத்தத்தில் மருந்தின் அளவு பெண்களுக்கு மில்லிலிட்டருக்கு 110 மைக்ரோகிராமையும் ஆண்களுக்கு 135ஐயும் தாண்டும்போது அந்த ஆபத்து கணிசமாகக் கூடுகிறது என்று மருந்தோடு வரும் விவரத்தாளே சொல்கிறது. சிலருக்குத் தட்டணுக்கள் இருந்தும் ஒழுங்காக ஒட்டுவதில்லை, ரத்தம் உறையத் தேவையான வான் வில்லிபிராண்ட் காரணி குறைகிறது, ஃபைப்ரினோஜன் குறைகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவரின் தட்டணுவைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் மயக்கம் கொடுக்கிறோம்.

இந்தக் கோளாறுக்கெல்லாம் காபாதான் காரணம் என்றால், காபாவைக் கூட்டும் மற்ற மருந்துகளும் இதையே செய்ய வேண்டும். விகாபாட்ரின் என்ற மருந்து காபாவைச் சிதைக்கும் நொதியையே நிரந்தரமாக முடக்குகிறது. வால்ப்ரோயேட்டைவிட நேரடியாகக் காபாவைக் கூட்டுவது அதுதான். அதன் பெயர் கெட்டது கண்பார்வையின் ஓரங்களைப் பறித்ததற்காக, ரத்தப்போக்குக்காக அல்ல. டயஸிபாம், லோராசிபாம், மிடசோலாம் எல்லாம் காபா ஏற்பியின் வேலையை வலுப்படுத்துபவை. ப்ரொபோஃபால் அப்படித்தான், நாங்கள் மூச்சில் கொடுக்கும் பெரும்பாலான மயக்க வாயுக்களும் அப்படித்தான். காபா ரத்தத்தை ஒழுகவிடும் என்பது உண்மையானால் பொது மயக்கத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆபரேஷனிலும் சர்ஜன்கள் ரத்தத்தில் நீந்திக்கொண்டிருக்க வேண்டும். மறுபக்கமும் பாருங்கள். காபா ஏற்பியை அடைக்கும் இன்னொரு மருந்து, எல்லோருக்கும் தெரிந்த பென்சிலின். மிக அதிக அளவில் ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் வலிப்பு வரவழைக்கும். அதற்கு ஒரு காரணம் இந்த அடைப்புதான். அதே அதிக அளவில் அது தட்டணுக்களின் வேலையையும் கெடுத்து ரத்தம் ஒழுக வைக்கும். காபாவை அடைத்தும் ரத்தம் ஒழுகுகிறது! அவருடைய அழகான சமன்பாடு இந்த ஒரு மருந்திலேயே தலைகீழாகிவிடுகிறது.

அவர் தன் துருப்புச் சீட்டாக எடுத்து வைத்திருப்பது 2019ல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மனின் குழு பங்கேற்ற அந்த ஆய்வு உண்மையிலேயே சுவாரஸ்யமானது. காபா ஏற்பிகளில் ரோ வகையைச் சேர்ந்த ஒன்று மூளையில் மட்டுமல்ல, ரத்த மூலசெல்களில் ஒரு பகுதியிலும், தட்டணுக்களை உண்டாக்கும் மெகாகாரியோசைட் செல்களின் முன்னோடிகளிலும் இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். நரம்பு மண்டலத்தின் சமிக்ஞை எலும்பு மஜ்ஜையிலும் கேட்கிறது என்பது லேசான செய்தியில்லை. 'ரத்தத்துக்கும் காபாவுக்கும் தொடர்பு நிரூபணமாகிவிட்டது' என்று கட்டுரையாளர் துள்ளிக் குதிக்கிறார். என்ன தொடர்பு என்று அடுத்த வரியைப் படித்திருக்க வேண்டாமா? அந்த ஏற்பியை எலிகளில் நீக்கினாலோ மருந்தால் அடைத்தாலோ தட்டணுக்கள் குறைந்தன. அதைத் தூண்டினால் தட்டணு முன்னோடிகள் பெருகின. காபா சமிக்ஞை ரத்தம் நிற்க உதவும் தட்டணுக்களைக் கூட்டுகிறது என்பதுதான் அங்கே கிடைத்த முடிவு. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவரைத் தன் சாட்சியென்று நினைத்து மாலை போட்டு அழைத்து வந்திருக்கிறார். அதற்காகக் காபா மாத்திரை சாப்பிட்டால் தட்டணு கூடும் என்று நாளைக்கு யாரும் கிளம்ப வேண்டாம். எலியிலும் ஆய்வகத் தட்டிலும் பார்த்ததற்கு அங்கேதான் மதிப்பு.

முளைகட்டிய அரிசியில் காபா இருப்பதால் மாதவிடாய் நாட்களில் அதைத் தவிர்க்கவும் சொல்கிறார். தாராளமாகச் சாப்பிடலாம்.

டிரானெக்சா எல்லாவற்றுக்கும் கைகண்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. குடல் ரத்தப்போக்கில் 12,009 பேரிடம் நடந்த ஆய்வு 2020ல் வெளியானது. ரத்தப்போக்கால் நேர்ந்த சாவு குறையவில்லை, கால் சிரைகளிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி கொஞ்சம் கூடியது, வலிப்பும் கொஞ்சம் கூடியது. அங்கே 24 மணி நேரத்தில் 4 கிராம் கொடுத்தார்கள். ரத்தசோகையுள்ள தாய்மார்களுக்கு, ரத்தப்போக்கு வருமுன்பே தடுப்பாகக் கொடுத்துப் பார்த்த 2023 ஆய்விலும் பலன் தெரியவில்லை. இவ்விரண்டையும் கட்டுரையாளர் கொட்டை எழுத்தில் போடுகிறார். சரி, போடட்டும். ஆனால் ரத்தப்போக்கு தொடங்கிவிட்ட 20,060 தாய்மார்களை 21 நாடுகளில் சேர்த்து நடத்திய 2017 ஆய்வை 'கருப்பை அகற்றுவதைக் குறைக்காத தோல்வி' என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறார். கருப்பை அகற்றுவதும் எல்லாக் காரணச் சாவும் சேர்ந்த கணக்கில் வித்தியாசம் வரவில்லை என்பது சரிதான். ரத்தப்போக்கால் செத்தவர்களின் கணக்கு என்ன? மருந்து பெற்றவர்களில் 155, பெறாதவர்களில் 191. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்தால் 89க்கு எதிராக 127. உலக சுகாதார நிறுவனம் அந்த வருடமே 3 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொன்னது இந்த எண்களைப் பார்த்துத்தான். அவருடைய கட்டுரையில் இந்த நான்கு எண்களில் ஒன்றும் கிடையாது.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது வேறொரு இடத்தில். டிரானெக்சாவும் மூளையும் சம்பந்தப்பட்ட ஒரு பயங்கரம் நிஜமாகவே இருக்கிறது. அதைத் தேடிப் போனவர் பக்கத்துத் தெருவில் நின்று கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைக்கிறோம். அதற்கான மருந்து பூபிவக்கெய்ன். தியேட்டரில் 'ஹெவி' என்றால் எல்லோருக்கும் புரியும். 4 மில்லி கண்ணாடி ஆம்பூல், தண்ணீர் போலத் தெளிவான திரவம். டிரானெக்சா 5 மில்லி கண்ணாடி ஆம்பூல், தண்ணீர் போலத் தெளிவான திரவம். இரண்டையும் ஒரே ட்ரேயில் நிமிர்த்தி அடுக்கினால் மேலேயிருந்து பார்க்கிற கண்ணுக்குத் தெரிவது கழுத்துகள் மட்டும். கண்ணாடி மேல் அச்சடித்த எழுத்து கைபட்டால் அழியும், வெளிச்சத்தில் மின்னும். மருந்தை எடுப்பவர் ஒருவர், உடைத்துக் கொடுப்பவர் இன்னொருவர், முதுகில் ஏற்றுபவர் மூன்றாமவர். 'ஹெவிதானே?' என்ற கேள்விக்கு, 'ஆமா சார்' என்ற பதில் பழக்கத்தில் வரும்.

மாறிப்போனால் என்னாகும் என்பதற்குக் கணக்கு எளிது. 2 மில்லியில் 200 மில்லிகிராம். அது நேராக மூளைத்தண்டுவட நீரில் இறங்குகிறது. அந்த நீர் மொத்தமே சுமார் 150 மில்லி. கலந்துவிட்டால் லிட்டருக்கு ஆயிரத்து முந்நூறு மில்லிகிராமைத் தாண்டுகிறது. காபா ஏற்பியும் கிளைசின் ஏற்பியும் அடைபட இது தாராளம். முதலில் முதுகும் புட்டமும் பொறுக்க முடியாமல் வலிக்கும். கால்கள் வெட்டி இழுக்கும். பிறகு வலிப்பு, பிறகு இருதயத் துடிப்பு கோணலாகும். இப்படி நடந்தவற்றில் பதிவான 21 சம்பவங்களை 2019ல் தொகுத்தார்கள். 10 பேர் இறந்திருந்தார்கள். 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே விட்டது: டிரானெக்சாவை மயக்க மருந்துகளோடு சேர்த்து வைக்காதீர்கள், முடிந்தால் தியேட்டருக்கு வெளியே வையுங்கள், பெயர் கண்ணில் படும்படி வையுங்கள்.

டிரானெக்சா காபாவை அடைத்து ஆளைக் கொல்லும் இடம் இந்த ட்ரேதான். மருந்தின் குணம் காரணமில்லை. ஆம்பூலின் முகஜாடையும் அலமாரியின் ஒழுங்கின்மையும் காரணம். காபா பற்றிப் பத்துப் பக்கம் எழுதிய ஒருவர், மருந்து கம்பெனிகள் ஏன் இரண்டையும் ஒரே மாதிரிக் குப்பியில் அடைக்கின்றன, ஆஸ்பத்திரிகள் ஏன் ஒரே அலமாரியில் வைக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் அவருக்குக் கைகொடுத்திருப்பேன். அதை விட்டுவிட்டு, ரத்தக்குழாய் வழியாக முறையாகப் போடும் ஊசியை மறுக்கச் சொல்கிறார்.

மறுத்தால் என்ன நடக்கும்? பிரசவம் முடிந்து கருப்பை சுருங்காமல் ரத்தம் போகிறது. கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு சிஸ்டர் வயிற்றில் கைவைத்துக் கருப்பையை அழுத்தித் தேய்க்கிறார், இன்னொருவர் நனைந்த பஞ்சையும் துணியையும் எடை போடுகிறார். டிரானெக்சா எடுங்கள் என்கிறார் டியூட்டி டாக்டர். கேஸ் ஷீட்டில் 'வேண்டாம்' என்று கையெழுத்து. டாக்டர் வெளியே வந்து கணவரைத் தேடுகிறார். கணவர் தன் அக்காவுக்குப் போன் போடுகிறார். அக்காதான் கட்டுரையை அனுப்பியவர். இருங்கள், திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். விபத்துக் காயத்திலும் பிரசவத்திலும் ரத்தம் போன 40,138 பேரின் விவரங்களைச் சேர்த்து 2018ல் பார்த்தபோது, மருந்து தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அதன் பலன் சுமார் 10 சதவீதம் குறைந்தது. 3 மணி நேரம் தாண்டினால் பலனே இல்லை. கட்டுரையாளரின் கட்டுரையை நிதானமாகப் படித்து முடிக்க 20 நிமிடம் பிடிக்கிறது.